ஏழாவது படி

“மூணு!”

கீழேயிருந்து குரல் வந்தது. உடும்பு ஒரு படி இறங்கினான். இடது உள்ளங்கையில் நைலான் பட்டை இறுகியது. வலது கை நாற்காலியின் முதுகுக் கம்பியைப் பிடித்திருந்தது. கண்ணுக்கு முன்னால் சாம்பல் நிறக் கம்பளியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

“நாலு!”

இன்னொரு படி.

கம்பளிக்குள் இருந்தது ஒரு பல் டாக்டரின் நாற்காலி. ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து வாயைப் பிளக்கச் சொல்வார்களே, அதுதான். விளக்கு, தட்டு, எச்சில் துப்பும் கிண்ணம் எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் நூற்றிருபது கிலோ. லிஃப்டுக்குள் நுழையவில்லை. மூன்றாவது மாடியிலிருந்து தெருவரைக்கும் அறுபது படி. பத்துப் படிக்கு ஒரு திருப்பம். நாற்காலியின் கனமான அடிப்பாகம் கீழ்ப்பக்கம் இருந்தது. அதற்குத் தோள் கொடுத்து, பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார் மச்சான். உடும்பின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால், இதே போன்ற ஒரு படிக்கட்டில், இதே மச்சானின் காலை நொறுக்கியது உடும்பின் இடது கை.

“அஞ்சு!”

வீடு மாற்றிக் கொடுப்பவர்களின் தொழிலில் படிக்கட்டுக்கென்று ஒரு சட்டம் உண்டு. கீழே இருப்பவர்தான் எண்ண வேண்டும். மேலே இருப்பவன் வாயைத் திறக்கக் கூடாது. சாமான் மறைப்பதால் மேலே இருப்பவனுக்குப் படியும் தெரியாது, ஆளும் தெரியாது. அந்தக் குரல்தான் அவனுக்குக் கண். இன்னொரு சட்டமும் உண்டு. பட்டையை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக் கூடாது. சுற்றினால் சாமான் போகும்போது ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். விரல்களால்தான் பிடிக்க வேண்டும். விரல் திறந்தால் போச்சு.

“ஆறு!”

அடுத்தது ஏழு. அன்றைக்கும் ஏழில்தான்.

“ஏழு!”

இடது கையின் ஐந்து விரல்களையும் அவன் மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இருக்கிறது. இருக்கிறது. இருக்கிறது.

“எட்டு!”

அப்போதுதான் மூச்சு வந்தது.

முதல் திருப்பத்தில் நாற்காலியைத் தரையில் வைத்தார்கள். கழுத்தில் முகமூடி தொங்க, பல் டாக்டர் பின்னாலேயே இறங்கி வந்தார்.

“கொஞ்சம் மெதுவா... உள்ள எண்ணெய் இருக்கு. சாஞ்சா கொட்டிடும்.”

“டாக்டர், நீங்க பல்லைப் பிடுங்கும்போது நாங்க பக்கத்துல நின்னு ‘மெதுவா, மெதுவா’ன்னு சொல்றோமா?” என்றார் மச்சான்.

“இல்ல, இது ரொம்ப சென்சிடிவ்...”

“எங்க மாப்ளயும் ரொம்ப சென்சிடிவ். நீங்க பேசப் பேச அவருக்குக் கை வேர்க்குது பாருங்க.”

டாக்டர் படக்கென்று வாயை மூடிக்கொண்டார். மச்சான் சிரித்தார். உடும்பால் சிரிக்க முடியவில்லை. கை நிஜமாகவே வேர்த்திருந்தது. பேன்ட்டில் துடைத்தான். துடைத்த இடம் ஈரமாகத் தெரிந்தது.

மச்சான் படியில் உட்கார்ந்து வலது முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு தகடு, எட்டு ஸ்க்ரூ. ஒன்பது மாதம் கழித்து இன்றைக்குத்தான் முதல் நாள் வேலைக்கு வந்திருக்கிறார். வந்ததும் மேஸ்திரியிடம் அவர் போட்ட ஒரே நிபந்தனை இதுதான்: “நாற்காலிய நான் எடுக்கறேன். ஆனா மேல மாப்ளதான் நிக்கணும். வேற ஆளுன்னா நான் வரல.”

மேஸ்திரி உடும்பைப் பார்த்தார். உடும்பு தரையைப் பார்த்தான்.

காலையில் கிளம்பும்போது மனைவி வாசல்வரை வந்தாள். வழக்கமாக வரமாட்டாள். ஒன்பது மாதமாக அவனிடம் பேசியதே கணக்காகத்தான்.

“நீங்க எப்படி வந்தாலும் சரி,” என்றாள். “எங்கண்ணன் முழுசா வீட்டுக்கு வரணும்.”

அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டாள்.

“போலாமா மாப்ள?” மச்சான் குனிந்து தோளைக் கொடுத்தார். “ஒண்ணு!”

*

உடும்பு என்பது அவன் பெயரில்லை. பிடித்தால் விடமாட்டான் என்று கூட வேலை செய்பவர்கள் வைத்த பட்டம். அந்த விபத்துக்குப் பிறகு யாரும் அவனை அப்படிக் கூப்பிடவில்லை. வாய் தவறிக் கூப்பிட்டவர்களும் உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேஸ்திரி அவனைத் தூக்குகிற வேலையிலிருந்து எடுத்து, கண்ணாடி டம்ளர்களைப் பேப்பரில் சுற்றுகிற வேலையில் உட்கார வைத்தார்.

“கை நழுவிடுச்சு,” என்றுதான் எல்லோரிடமும் சொன்னான். ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவியிடம். போலீஸ்காரரிடம். கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்த மச்சானிடம். மச்சான் அவனை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, “சரி விடு மாப்ள, யாருக்கும் நடக்கறதுதான்,” என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நரம்பு டாக்டர் கையில் ஊசி குத்திப் பார்த்தார், மின்சாரம் வைத்துப் பார்த்தார். “உங்க கைக்கு ஒண்ணும் இல்ல. நல்லா பலப்படுத்துங்க,” என்று அனுப்பிவிட்டார்.

அப்படித்தான் அவன் அந்தப் பழைய கார் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். உள்ளே ஓட்டப்பந்தய மெஷினும் இல்லை, ஆளுயரக் கண்ணாடியும் இல்லை. சிமென்ட் தரையில் வரிசையாகக் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டுகள். எட்டு, பன்னிரண்டு, பதினாறு, இருபத்துநான்கு, முப்பத்திரண்டு. கெட்டில்பெல் என்று பெயர். அவற்றுக்கு நடுவில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். ஒரு காலத்தில் பளுதூக்கும் போட்டிகளில் மெடல் வாங்கியவராம். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

“தினமும் அலமாரி தூக்கற ஆளுக்கு இந்தக் குண்டு எதுக்கு?” என்றார்.

“கை நழுவுது மாஸ்டர்.”

“தூக்குங்க, பாப்போம்.”

இருபத்துநான்கை இடது கையில் தூக்கி நடந்தான். பயணத்துக்குக் கிளம்புகிறவன் ஒரு கையில் பெட்டி தூக்குவது போல. சுலபமாகத்தான் இருந்தது. பத்தடி போவதற்குள் மாஸ்டர் அதட்டினார்.

“எதுக்கு அந்தப்பக்கம் சாயறீங்க? நிமிருங்க. எடை ஒரு பக்கம் இழுக்கும், உடம்பு நேரா நிக்கணும். அதுதான் இதுல பயிற்சியே. தூக்கறது கை இல்ல, இடுப்பும் வயிறும். மூச்சை அடைக்காதீங்க. குட்டிக் குட்டியா விடுங்க.”

தூக்கி ஆட்டும்போதும் அதே பாடம். கையால் இழுக்காதே, இடுப்பை மடக்கி நிமிர்த்து, குண்டு தானாக மேலே வரும். கீழே இறக்கும்போது மட்டும் மாஸ்டரின் குரல் இரண்டு மடங்கு ஏறும். “போடாதீங்க! வைங்க! என் தரையில ஒரு குண்டு விழுந்த சத்தம் கேட்டுது, அடுத்த நாள் கதவு திறக்காது.”

விடிந்ததும் ஷெட், அப்புறம் வேலை என்று நாட்கள் போயின. உள்ளங்கையெல்லாம், பிடி வழுக்காமல் இருக்கப் பூசிய வெள்ளைச் சாக்பீஸ் மாவு. வீட்டில் ஒருநாள் மனைவி கேட்டாள்.

“எங்க போய் மாவு பிசைஞ்சுட்டு வரீங்க?”

“ஜிம்முக்கு. கெட்டில்பெல் தூக்க.”

“கெட்டிலா? அது நம்ம அடுப்படியிலயே ஒண்ணு இருக்கே. என்னைக்காவது அதைத் தூக்கி ஒரு டீ போட்டிருக்கீங்களா?”

சிரிக்கப் போனவள், அண்ணன் ஞாபகம் வந்தது போலப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்தப் பாதிச் சிரிப்பு அவனை ஒரு வாரம் வாட்டியது.

மூன்றாவது மாதம்தான் அது நடந்தது. இருபத்துநான்கோடு நடந்துகொண்டிருந்தவனின் பக்கத்தில் வந்த மாஸ்டர், ஒன்றும் சொல்லாமல் குண்டின்மேல் தன் கையை வைத்து ஒரே அமுக்காக அமுக்கினார்.

டமார்!

குண்டு அவன் கால் பெருவிரலுக்கு ஒரு அங்குலம் தள்ளி விழுந்தது. ஷெட் முழுக்க அதிர்ந்தது. கதவைச் சாத்தப் போகிறார் என்று நினைத்தான். மாஸ்டரோ அவன் இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நழுவற கை எப்படி நழுவும் தெரியுமா? சுண்டுவிரல் முதல்ல அவிழும். அப்புறம் மோதிரவிரல். ஒவ்வொண்ணா. தோல் உரியும். உங்க கையில ஒரு கீறல்கூட இல்ல. அஞ்சு விரலும் ஒரே நேரத்துல திறந்துச்சு.”

உடும்பு கையை இழுத்துக்கொண்டான்.

“இதுக்குப் பேரு நழுவறது இல்ல. விடறது.”

முகத்தில் அறைந்தது போல இருந்தது. ஏனென்றால் அது அவனுக்குத் தெரியும். அந்த விபத்து நாளிலிருந்தே தெரியும். யாரிடமும் சொல்லாததை அந்தச் சிமென்ட் தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டான். அன்றைக்கு ஒரு இரும்பு பீரோ. மச்சான் ஏழு என்றார். அடுத்த நொடி பீரோ அவனை ஆளோடு முன்னால் இழுத்தது. தலைகுப்புறப் போகப் போகிறோம் என்று தெரிந்தது. கை தானாகத் திறந்துகொண்டது. இல்லை, அவன்தான் திறந்தான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. அப்புறம்தான் அந்த அலறல்.

“திடீர்னு இழுத்துச்சா?” என்றார் மாஸ்டர்.

“ஆமா.”

“அதுவரைக்கும் சரியா இருந்த எடை, திடீர்னு கூடிச்சா?”

“ஆமா மாஸ்டர். ஏன்?”

மாஸ்டர் அவனை விநோதமாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் குண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

“ஏன்னு கேக்கற நேரம் அது இல்ல. எடை கூடிச்சா, முதல்ல பிடிங்க. அப்புறம் கேளுங்க. நடங்க.”

அதற்குப் பிறகு ஆறு மாதம். எப்போது அமுக்குவார் என்று தெரியாது. சில நாள் அமுக்கவே மாட்டார். சில நாள் கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொல்வார், ஐந்தாவது அடியிலும் அமுக்குவார், ஆறாவது அடியிலும் அமுக்குவார். எத்தனையோ முறை குண்டு தரையில் விழுந்தது. கதவு ஒருநாளும் மூடவில்லை. கடைசி மாதம் முப்பத்திரண்டோடு நடந்தான். மாஸ்டர் முழு உடம்பையும் சாய்த்து அமுக்கினார். கை திறக்கவில்லை.

ஆனால் அது ஷெட். சமதரை. கீழே யாரும் இல்லை.

*

“மூணு... நாலு...”

இரண்டாவது மாடி தாண்டியாகிவிட்டது. முப்பது படி முடிந்து, இது நாலாவது அடுக்கு. உடும்பின் முன்கை இரண்டும் கல்லாகியிருந்தன. கீழே மச்சானின் செருப்பு படியைத் தடவுகிற சத்தம் சரக் சரக்கென்று கேட்டது. வலது கால் இறங்கும்போது மட்டும் அந்தச் சத்தம் ஒரு கணம் தாமதமாக வந்தது. ஒவ்வொரு தாமதத்துக்கும் உடும்பு பட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.

இந்த அடுக்கில்தான் அந்த ஜன்னல். காலையில் வழி பார்க்க ஏறியபோதே கவனித்திருந்தான். சுவரில் ஒரு முழம் ஆழத்துக்கு உள்வாங்கிய பள்ளம். அதற்குள் சின்ன ஜன்னல். தொட்டால் ஒட்டுகிற பழைய சுண்ணாம்பு. மச்சான் அந்தப் பள்ளத்துக்குள் கையை விட்டுக்கூடப் பார்த்தார். “ஆள் நிக்கலாம் போலயே மாப்ள. வாடகைக்கு விட்டுடலாம்,” என்று கையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டார்.

“அஞ்சு.”

குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“ஆறு.”

வேர்வை புருவத்திலிருந்து இறங்கிக் கண்ணுக்குள் போனது. துடைக்கக் கை இல்லை.

“ஏழு.”

உடும்பு காலை இறக்கினான். எட்டுக்குக் காத்திருந்தான்.

எட்டு வரவில்லை.

நாற்காலி பாய்ந்தது. பட்டை அவன் இடது கையைத் தோளோடு பிடுங்கி எடுப்பது போல இழுத்தது. உடம்பு முன்னால் சரிந்தது. கம்பளி முகத்தில் மோதியது. அதே இழுப்பு. அதே ஏழு. ஐந்து விரலும் ஒன்றாகச் சேர்ந்து, திற, திற என்று கெஞ்சின.

முதல்ல பிடி. அப்புறம் கேளு.

இடுப்பைப் பின்னால் தள்ளினான். குதிகாலைப் படியில் ஊன்றினான். எடை இடப்பக்கம் இழுத்தது. உடம்பைச் சாயவிடாமல் வயிற்றை இறுக்கி நிமிர்ந்தான். மூச்சை அடைக்காமல் குட்டிக் குட்டியாக விட்டான். நாற்காலியின் விளிம்பு படிமுனையில் கிறீச்சென்று உரசி, ஒரு அங்குலம் இறங்கி, நின்றது.

கீழே சத்தமே இல்லை.

“மச்சான்!”

சட்டத்தை மீறிக் கத்தினான். பதில் இல்லை. செருப்புச் சத்தமும் இல்லை. கால் மடங்கிக் கீழே கிடக்கிறாரா? விட்டால் இந்த இரும்பு நேராக அவர் நெஞ்சில்தான் இறங்கும். பட்டை உள்ளங்கையை அறுத்தது. சுண்டுவிரலில் தோல் உரிவதை உணர்ந்தான். இதுதான் நழுவுவது. மாஸ்டர் சொன்ன அதே வரிசை. சுண்டுவிரல். இனி மோதிரவிரல்.

“மச்சான்! ஏதாவது பேசுங்க மச்சான்!”

மேலே நின்ற டாக்டர், “ஐயோ... ஐயோ...” என்று முனகினார். அவருடைய கைகள் காற்றில் எதையோ பிடித்தன. உதவிக்கு வர அவருக்கு இடமும் இல்லை, தைரியமும் இல்லை.

ஒரு மூச்சு. இரண்டு. மூன்று. நான்கு. மோதிரவிரல் மெல்ல அவிழ்ந்தது. வாசலில் நின்று மனைவி சொன்னது காதில் விழுந்தது. மூன்று விரல்களில் உயிரை வைத்துப் பிடித்தான்.

ஐந்து.

கீழே சரக்கென்று ஒரு சத்தம். எடை குறைந்தது. யாரோ அடியில் தோளைக் கொடுத்திருந்தார்கள்.

“எ... எட்டு,” என்றது மச்சானின் குரல்.

*

தெருவில் வெயில் பளீரென்று இருந்தது. வண்டியின் பின்தட்டு அருகே நாற்காலியை இறக்கினார்கள். போடவில்லை, வைத்தார்கள். டாக்டர் ஓடிவந்து கம்பளியை விலக்கி எண்ணெய் கசிகிறதா என்று அடியெல்லாம் தடவிப் பார்த்தார். கசியவில்லை. நாற்காலியில் தொப்பென்று அவரே உட்கார்ந்துகொண்டார்.

“இனிமே யாருக்காவது பல் பிடுங்கும்போது அவங்க கத்தினா நான் கோவிச்சுக்கவே மாட்டேன்பா,” என்றார்.

உடும்பு இடது கையைப் பார்த்தான். இரண்டு விரல்களில் தோல் சுருண்டு ரத்தம் கசிந்தது. எரிச்சல் உச்சந்தலைவரை ஏறியது. அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மச்சான் இரண்டு காலில் நிற்கிறார். முழுசாக நிற்கிறார். கால் மடங்கியும் அவர் தப்பித்துவிட்டார். அவன் விடவில்லை.

“கால் எப்படி இருக்கு மச்சான்? வீங்கியிருக்கா?”

மச்சான் வண்டிக்குள் குனிந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். அப்போதுதான் அவர் முதுகு தெரிந்தது.

நீலச் சட்டையின் முதுகு முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு. இரண்டு தோள்பட்டையிலும், நடு முதுகிலும். நடுவில் குறுக்காக ஒரு துருக் கோடு, ஜன்னல் தாழ்ப்பாளின் அச்சு. ஒருவர் சுவரோடு சுவராகப் பலமாக ஒட்டி நின்றால் ஒட்டுகிற மாதிரி.

நாற்காலிக்குத் தோள் கொடுத்தவரின் முதுகில் அது எப்படி ஒட்டும்?

உடும்புக்குக் கை எரிச்சல் சட்டென்று மறந்துபோனது.

“மச்சான். முதுகுல சுண்ணாம்பு.”

பாட்டில் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. மச்சான் திரும்பினார். காலையிலிருந்து கேலி பேசிக்கொண்டிருந்த முகம் வெளிறிப்போயிருந்தது.

“கால் மடங்கலையா?”

“கால் நல்லாத்தான் இருந்துச்சு.”

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து கொஞ்சம் தள்ளிப் போனார்.

“மேல நீதான் நிக்கணும்னு மேஸ்திரிகிட்ட கேட்டேன்ல,” என்றார் மச்சான். பாட்டில் மூடியைத் திருகி மூடினார். “நீ விடுவியான்னு பாக்கறதுக்குன்னு எல்லாரும் நினைச்சிருப்பீங்க. இல்ல மாப்ள. நான் நிப்பனான்னு பாக்கறதுக்கு. ஒன்பது மாசமா படுத்துக்கிட்டு இதைத்தான் யோசிச்சேன். ஒரே ஒரு தடவை நின்னுட்டா போதும், அதோட எல்லாம் சரியாயிடும்னு...”

நிறுத்தினார். உடும்பின் ரத்தம் கசிகிற விரல்களைப் பார்த்தார். பார்க்க முடியாமல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

“ஏழுன்னு சொன்னதும் பயம் வந்துடுச்சு. தோளை உருவிட்டு அந்த ஜன்னல் பள்ளத்துக்குள்ள போயிட்டேன். நீ என்னைக் கூப்பிட்டதெல்லாம் கேட்டுச்சு. வாய் வரல.”

உடும்பு பேச வாயைத் திறந்தான். மச்சான் கையை உயர்த்தித் தடுத்தார். இன்னும் ஒன்று மிச்சமிருந்தது.

“பீரோ விழுந்த அன்னைக்கும் இதே ஏழுதான் மாப்ள, அங்க ஒதுங்கத்தான் பள்ளம் இல்ல. உன் கை அப்புறம்தான் திறந்துச்சு. முதல்ல விட்டது நான்.”